ஆட்டத்தின் விதியை எழுதுவோர் யார்?

சென்ற தவணையின் இறுதி வாரத்தில், ஒட்டுசுட்டானில் நாம் கற்பிக்கும் பாடசாலையின் ஆசிரியர் அறையில் ஒரு வழக்கு விசாரணை நடைபெற்றது. குற்றவாளிக் கூண்டில் நின்றது ஒரு கைத்தொலைபேசி. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, இணையவழிப் பாடம் கேட்பதற்கென்று கடன்பட்டு வாங்கப்பட்ட தொலைபேசி அது. கல்வியின் பேரால் வீட்டினுள் நுழைந்த அக்கருவி, கல்வி மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பிய பின்னரும் வீட்டிலேயே தங்கிவிட்டது. தாய் கச்சான் விற்றுச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை, பத்தாந் தரத்தில் பயிலும் மகன் மீள்நிரப்பு அட்டைகளாக மாற்றி, அத்தொலைபேசியிலுள்ள ஓர் ஆட்டத்தினுள் இறைத்துவிட்டான். இதுவே குற்றப்பத்திரம்.

தீர்ப்புக் கூற நெடுநேரம் செல்லவில்லை. விளையாட்டே விஷம் என்றார் ஒருவர். நம் பிள்ளைகளைக் கெடுக்க மேல்நாட்டார் அனுப்பிய பொறி என்றார் மற்றொருவர். எங்கள் காலத்தில் இவையெல்லாம் இருந்தனவா என்று பெருமூச்செறிந்தார் மூன்றாமவர். தொலைபேசி அலுமாரியில் பூட்டப்பட்டது, மாணவன் தலைகுனிந்து வெளியேறினான், நீதி நிலைநாட்டப்பட்டது.

நாம் அந்தத் தாயின் கண்ணீரைக் கண்டவர்கள். ஆயினும் அத்தீர்ப்பை ஏற்க எம்மால் இயலவில்லை. குற்றம் சிறியது என்பதற்காகவன்று; உண்மைக் குற்றவாளி தப்பிவிட்டான் என்பதற்காகவே ஏற்க மறுக்கிறோம். நோயின் பெயரைப் பிழையாகச் சொல்லும் வைத்தியனின் மருந்து நோயாளியைத்தான் வருத்தும். ஆகவே முற்போக்கு எண்ணமுடைய ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்விடயத்தை ஆற அமர ஆராய வேண்டும் என்று விரும்புகிறோம்.

அம்மாணவனைத் தனியே அழைத்து, எதற்குப் பணம் கொடுத்தாய் என்று கேட்டோம். பெட்டிக்கு என்றான். ஆட்டத்தினுள்ளே பெட்டிகள் விற்கப்படுகின்றன. பெட்டியுள் என்ன இருக்கிறதென்பது திறக்கும்வரை தெரியாது. அவன் விரும்பிய உடை ஏதேனும் ஒரு பெட்டியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அடுத்த பெட்டியில் வரும், அதற்கடுத்த பெட்டியில் வரும் என்று திறந்துகொண்டே சென்றான். எத்தனை பெட்டிக்கு ஒன்றில் அது வரும் என்ற கணக்கு அவனுக்குத் தெரியாது. ஆனால் அக்கணக்கை எழுதியவன் ஒருவன் எங்கோ இருக்கிறான். அவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

இதனை விளையாட்டென்று அழைப்பது அந்நல்ல சொல்லுக்கு நாம் இழைக்கும் அநீதி. இதற்குத் தமிழில் பெயர் சூது. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நளன் நாடிழந்த கதையும், தருமன் தம்பியரையும் தன்னையும் மனைவியையும் பணயம் வைத்த கதையும் நாம் அறியாதவை அல்ல. அன்றைய சூதாடி எதிரே சகுனி அமர்ந்திருப்பதையாவது கண்டான். இன்றைய சிறுவன் காண்பது மின்னும் ஒரு பெட்டியை மட்டுமே. சகுனி கடல் கடந்து, கணக்கேட்டின் பின்னால் அமர்ந்திருக்கிறான். 2018 ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு, பெயர்பெற்ற சில ஆட்டங்களில் பணத்துக்கு விற்கப்பட்ட இத்தகைய பெட்டிகள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று கூறிற்று. 2021 ஆம் ஆண்டு சீன அரசு, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை ஆகிய நாள்களில் இரவு எட்டு மணி முதல் ஒன்பது மணிவரை மட்டுமே இணையவழி ஆட்டங்களில் ஈடுபடலாம் என்று ஆணையிட்டது. பிள்ளைகளின் பணப்பையினுள் கைவிடும் வியாபாரியைச் சட்டம் தடுக்க வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் தடை நஞ்சைத்தான் அகற்றும், பசியை ஆற்றாது. பிள்ளையின் விளையாட்டுப் பசிக்கு நாம் என்ன சோறு வைத்திருக்கிறோம்? அலுமாரிப் பூட்டு ஒன்றைத்தவிர வேறென்ன வைத்திருக்கிறோம்?

விளையாட்டே விஷம் என்று கூறுவோருக்கு ஓர் ஆட்டத்தைக் காட்ட விரும்புகிறோம். கணினி ஆட்டங்களுள் மேடை தாவும் ஆட்டம் என்றொரு வகையுண்டு. சிறு உருவம் ஒன்று மேடைக்கு மேடை தாவி, பள்ளங்களையும் முட்களையும் கடந்து செல்லும். 1985 இல் யப்பானில் வெளிவந்த மாரியோவின் ஆட்டத்தினால் உலகமே அறிந்த வகை இது. தாவுதலே இவ்வகையின் உயிர். 2010 ஆம் ஆண்டு தை மாதத்தில் அயர்லாந்தைச் சேர்ந்த ரெரி கவனா என்னும் இளைஞர் இவ்வகையில் ஓர் ஆட்டத்தை வெளியிட்டார். பெருங்கம்பனியின் முதல் அவரிடம் இல்லை. பெரும்பகுதி வேலையைத் தாமே செய்தார். இசையை ஒரு நண்பர் அமைத்தார். அறைகளுக்குப் பெயர் சூட்டினார் இன்னொருவர். ஆங்கிலத்தின் ‘வி’ என்னும் எழுத்தை ஆறுமுறை அடுக்கினால் அதுவே ஆட்டத்தின் பெயர். விபத்தினால் சிதறிப்போன விண்கலத்தார் அறுவரின் பெயர்களும் அவ்வெழுத்திலேயே தொடங்குகின்றன. அவர்களுள் தலைவன் மற்றை ஐவரையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மேடை தாவும் ஆட்டமாகிய இதில் நாயகனுக்குத் தாவத் தெரியாது. ஆம், ஓரங்குலமும் தாவ முடியாது. அவனால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: நிலத்தில் நிற்கும்போது பொத்தானை அழுத்தினால், அவனைப் பொறுத்தவரை மேல் கீழாகிவிடும், அவன் கூரையை நோக்கி விழுவான். கூரையிலே தலைகீழாக நடப்பான். மீண்டும் அழுத்தினால் நிலத்தை நோக்கி விழுவான். நடுவழியில் மாற முடியாது. காலூன்றி நின்ற பின்னரே மாறலாம். இவ்வளவுதான் விதி. புதிய ஆயுதம் இல்லை. கூடிய பலம் இல்லை. விலைக்கு வாங்கும் பெட்டி இல்லை. தொடக்கத்தில் அவனிடம் இருந்ததே இறுதியிலும் இருக்கிறது. வளர்வது விளையாடுபவனின் அறிவு ஒன்றே.

அவ்வாட்டத்தில் ஓரிடத்தில் அவன் வழியிலே சிறு கட்டை ஒன்று கிடக்கிறது. வேறெந்த ஆட்டத்தின் நாயகனும் அதனை எண்ணாமலே தாண்டிச் சென்றிருப்பான். தாவ இயலாத இவனோ அக்கட்டையின் மறுபுறத்தை அடைவதற்கு, மேல்நோக்கி விழுந்து, இருபுறமும் முட்கள் நிறைந்த அறை அறையாகக் கடந்து, உச்சியைத் தொட்டு, மீண்டும் அத்தனை அறைகளினூடாகவும் கீழே விழுந்து வரவேண்டும். நாமும் பழைய மடிக்கணினி ஒன்றில் முயன்றோம். எத்தனை தரம் தோற்றோம் என்று எண்ணி முடியவில்லை. ஆனால் தோல்விக்கு அங்கே தண்டனை இல்லை. முள்ளில் பட்ட மறுகணமே தொடங்கிய இடத்தில் மீண்டும் நிற்கிறான். இத்தனை உயிர்தான் என்ற கணக்கில்லை, பழிச்சொல்லில்லை. கட்டை கிடக்கிறது, வழி இருக்கிறது, எண்ணிப் பார் என்று ஆட்டம் காத்திருக்கிறது.

ஒரே விதியிலிருந்து உலகம் படைக்கும் இம்முயற்சி தனித்ததன்று. 2008 இல் அமெரிக்கராகிய ஜொனதன் புளோ வெளியிட்ட ‘பிறெயிட்’ என்னும் மேடை ஆட்டத்தில், நாயகன் காலத்தைப் பின்னோக்கிச் செலுத்தலாம். தவறி விழுந்தால் விழுந்த கணத்தை மீட்டு, எங்கே தவறினோம் என்று பார்க்கலாம். பின்னர் வரும் ஒவ்வோர் உலகிலும் காலத்தின் நடத்தை சற்றே மாறுகிறது. அம்மாற்றத்தைப் புரிந்துகொள்வதே வெற்றி.

தமிழ் கற்றோருக்கு இது அந்நியமான செய்தியா? வெண்பாவை எண்ணிப் பாருங்கள். வெண்டளையன்றி வேறு தளை அங்கே நுழைய இயலாது. ஈற்றடி முச்சீராக வேண்டும். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றைக் கொள்ள வேண்டும். இத்தனை இறுக்கத்தினுள்ளே ஏழே சீரில் குறள் பிறந்தது. கட்டுப்பாடு கற்பனையின் பகை என்று எண்ணுவோர் யாப்பை மனப்பாடம் செய்தவர்கள், யாத்துப் பார்த்தவர்களல்லர்.

நூலறிவு வேண்டாம், நம் முற்றத்தை நோக்குவோம். கிளித்தட்டிலே மறிப்பவன் தன் கோட்டை விட்டு விலகலாகாது. அந்த ஒரு விதியை நீக்கிவிட்டால் அது வெறும் துரத்தோட்டம். அந்த விதி இருப்பதனாலேயே போக்குக்காட்டுதலும், காத்திருத்தலும், ஒருவன் மறிப்பவனை இழுத்துச் செல்ல மற்றவன் புகுந்து செல்லும் தோழமையும் பிறக்கின்றன. 2009 ஆம் ஆண்டு போர் முடிவுற்றபோது வன்னி மக்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்தார்கள். அங்கே புழுதியிலே கோடு கிழித்துச் சிறுவர் கிளித்தட்டு ஆடியதை எம்மில் பலர் கண்டோம். சிலர் ஆடியும் இருக்கிறோம். வெளியே செல்ல உரிமையற்ற பிள்ளைகள் தாமே கோடு கிழித்து, தாமே விதி கூறி, தாமே நீதியும் வழங்கினார்கள். பட்டதா படவில்லையா என்று எழுந்த சச்சரவைத் தீர்க்க எந்த அதிகாரியும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் காலத்தில் இவையெல்லாம் இருந்தனவா என்று கேட்ட ஆசிரிய நண்பருக்கு எமது விடை இதுவே: இருந்தன. இன்றுள்ள பெட்டி வியாபாரத்துக்கும் அன்றைய கிளித்தட்டுக்கும் உள்ள வேறுபாடு மின்சாரத்தில் இல்லை. கிளித்தட்டின் விதியை ஆடுவோர் அறிவர், வேண்டுமானால் மாற்றுவர். பெட்டியின் விதியை ஆடுபவன் அறியான், மாற்றவும் மாட்டான்.

தமிழரும் இத்துறையில் கால்வைத்துவிட்டனர். 2023 ஆம் ஆண்டு ஆடி மாத இறுதியில், ரொறன்ரோவிலுள்ள ‘விசை’ என்னும் சிறு குழுவினர் ‘வெண்பா’ என்ற பெயரில் ஓர் ஆட்டத்தை வெளியிட்டனர். மேடை தாவும் ஆட்டமன்று, சமையற் புதிர். 1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் தம்பதியரின் கதை அது. தாயின் சமையற் குறிப்பேடு சிதைந்து போயிருக்கிறது. எழுத்து அழிந்த இடங்களை நாம் சிந்தித்து நிரப்ப வேண்டும்: எதை முன்னர் இடுவது, எதைப் பின்னர் இடுவது, பாத்திரத்தினுள் ஆவி எவ்வழியே ஏறும் என்று எண்ணி இட்டலியும் புட்டும் ஆக்க வேண்டும். இங்கும் விதி ஒன்றுதான். ஆனால் அந்த அழிந்த எழுத்துக்குள்ளேயே நாட்டைவிட்டு வந்தவளின் வாழ்வும், மொழியிலிருந்து விலகிச் செல்லும் மகனின் வாழ்வும் அடங்கிவிடுகின்றன. 2024 இல் ‘பாஃப்டா’ எனப்படும் பிரித்தானியக் கலைக் கழகம் முதற்படைப்புக்கான விருதை இதற்கு வழங்கிற்று.

உடனே தமிழனுக்குப் பெருமை என்று முரசறைந்து திரும்பிப் படுத்துக்கொள்வது நம்மவர் சிலரின் வழக்கம். இப்பெருமை மிக மலிவானது என்று கூறுவோம். அவ்வாட்டத்தை ஆக்கியோர் எமது மதிப்புக்குரியவர்கள். அது பற்றி ஐயமில்லை. ஆனால் சிதைந்த குறிப்பேடு கனடாவுக்குப் போனவளிடம் மட்டுந்தானா இருக்கிறது? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெட்டியைக் கைவிட்டு வந்த வன்னித் தாயிடம் அக்குறிப்பேட்டின் ஓர் ஏடேனும் உண்டா? அவள் மகளும் மகனும் இன்று எமது வாங்குகளில் அமர்ந்திருக்கிறார்கள். பிறர் ஆக்கியதைக் கண்டு பெருமிதம் கொள்ளும் இரசிகர்களாக மட்டுமே அவர்கள் வளர வேண்டுமா? இதுதான் கேள்வி.

இக்கேள்வியை எழுப்பும்போது எம்முடைய முகாமிலிருந்தே இரண்டு மறுப்புகள் வருகின்றன. முதலாவது: ஆட்டம் என்றால் அதில் சமுதாயக் கருத்து இருக்க வேண்டாமா? முட்களுக்கிடையே விழுந்தெழும் பொம்மையினால் உழைக்கும் மக்களுக்கு என்ன பயன்? இவ்வாறு கேட்கும் தோழர்கள் கருத்தை ஒட்டுத்தாள் என்று எண்ணிவிட்டார்கள். பரீட்சை வினாவைப் பலூனில் எழுதி, பலூனை உடைத்தால் பத்துப் புள்ளி என்று வைத்துவிட்டு, அதனைக் கல்வி விளையாட்டு என்று பெயரிட்டு அழைப்பதை நாம் கண்டிருக்கிறோம். பிள்ளைகள் அதனை ஒருமுறை ஆடிவிட்டு ஒதுக்கிவிடுவார்கள்; அவர்கள் ஒதுக்குவது நியாயமே. ஆட்டத்தின் கருத்து அதன் விதியில் இருக்கிறது. விதியின்மேல் பூசிய வண்ணத்தில் இல்லை.

இதனை நூற்றாண்டுக்கு முன்னரே அறிந்திருந்தவர் அமெரிக்கப் பெண்மணியான லிசி மகீ. நிலத்தின் வாடகை உழைக்காதவன் கையில் குவிவதே வறுமைக்குக் காரணம் என்ற ஹென்றி ஜோர்ஜின் கொள்கையை மக்களுக்கு விளக்க, ‘நிலக்கிழார் ஆட்டம்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் அட்டை ஆட்டத்தை ஆக்கி 1904 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். பின்னர் அதற்கு இரு விதித்தொகுதிகள் அமைந்தன. ஒன்றில் ஒருவன் மற்றெல்லாரையும் ஓட்டாண்டிகளாக்கி வெல்வான். மற்றதில் செல்வம் பெருகப் பெருக அனைவரும் பயன் பெறுவர். இரண்டையும் ஆடிப் பார்ப்பவன் தானே முடிவுக்கு வருவான் என்பது அவர் நம்பிக்கை. நடந்தது என்ன? அவ்வாட்டத்திலிருந்து கிளைத்த ஒன்றைச் சார்ள்ஸ் டரோ என்பவர் தம்முடையதாக விற்றார். 1935 இல் பாக்கர் பிரதர்ஸ் கம்பனி அதனை ‘மொனொப்பொலி’ என்ற பெயரில் சந்தைக்குக் கொணர்ந்தது. மகீயின் காப்புரிமைக்குக் கிடைத்த விலை 500 டொலர். பிறரை ஓட்டாண்டியாக்கும் விதித்தொகுதி மட்டும் உலகெங்கும் வீட்டுக் கூடங்களில் ஆடப்பட்டது. பகிர்ந்து வாழும் விதித்தொகுதி மறக்கப்பட்டது. ஆட்டத்தில் அரசியல் இல்லை என்பார் இதற்கு என்ன விடை கூறுவர்?

இரண்டாவது மறுப்பு இதனினும் வலியது. அதனை நாம் மதிக்கிறோம். கொப்பி வாங்க வழியில்லாத பிள்ளைக்குக் கணினி ஆட்டமா? காலையில் வெறும் வயிற்றோடு வருபவனுக்கு ரெரி கவனாவும் ஜொனதன் புளோவுமா? இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கன்றோ? சோறு முதலில் வேண்டும் என்பதை மறுப்பவன் ஆசிரியனாக இருக்கத் தகுதியற்றவன். ஆனால் ஏழையின் பிள்ளைக்குச் சோறு மட்டும் போதும், சிந்தனையின் இன்பம் பணக்காரன் பிள்ளைக்கே உரியது என்று இதற்குப் பொருளாகுமானால், அந்தப் பொருளை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். மேலும், ஆட்டம் ஆக்கக் கணினி வேண்டும் என்பதே பிழை. விதி ஒன்று வேண்டும்; அதை எண்ணத் தலை வேண்டும். கணினி பின்னர் வரும்.

இதனை வாதமாக விட்டுவிடாமல் வகுப்பிலே சோதித்துப் பார்த்தோம். கணக்குக் கொப்பியின் சதுரக் கோட்டுத் தாள் ஒன்று, இருபது புளியங்கொட்டை: இவையே மூலதனம். முத்தையன்கட்டுக் குளத்து நீரில் சிறுபோகம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் எமது வகுப்பில் இருக்கிறார்கள். ஆகவே குளத்தையே ஆட்டமாக்குவோம் என்றோம். தாளின் தலைப்பில் குளம்; ஒரு துருசு; ஒரு வாய்க்கால்; வாய்க்கால் ஓரத்தில் வரிசையாக ஐந்து வயல்; வயலுக்கு ஒரு மாணவர். குளத்தில் இருபது கொட்டை நீர். ஒரு வயலின் பயிர் பிழைக்க நான்கு கொட்டை வேண்டும். அதற்குக் குறைந்தால் கருகிவிடும். ஏழுவரை எடுக்கலாம், எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. விதி ஒன்றே: நீர் உன் வயலைக் கடக்கும்போது நீ எடுத்துக்கொள், எஞ்சியதே அடுத்தவனுக்கு.

முதல் வயல் ஏழு எடுத்தது; இரண்டாம் வயல் ஏழு எடுத்தது; மூன்றாவதுக்கு ஆறு கிடைத்தது. நான்காம் ஐந்தாம் வயல்கள் கருகின. மறுமுறையும் அவ்வாறே. ஐந்தாம் வயலில் இருந்த மாணவிக்கு ஆடத் தெரியவில்லை என்று சிரித்தார்கள். இடத்தை மாற்றினார்கள். சிரித்தவன் ஐந்தாம் வயலுக்குப் போனான். அவன் பயிரும் கருகிற்று. அப்போது வகுப்பில் ஓர் அமைதி விழுந்தது. குறை ஆளில் இல்லை, இருந்த இடத்தில் இருக்கிறது என்பதை நாம் சொல்லவில்லை, அவர்கள் கண்டுபிடித்தார்கள். இருபதை ஐந்தால் வகுத்தால் நான்கு என்பதை ஒரு மாணவி கரும்பலகையில் எழுதினாள். நீர் போதாமையால் எவனும் கருகவில்லை என்பது அக்கணக்கில் தெரிந்தது. பின்னர் அவள் திரும்பி நின்று கேட்டாள்: “சேர், இந்த விதியை நாங்கள் மாத்தினால் பிழையோ?”

பத்தாண்டுக்கு மேற்பட்ட எமது ஆசிரியத் தொழிலில் இதைவிடச் சிறந்த வினாவை நாம் கேட்டதில்லை. அடுத்த பாடவேளை முழுவதும் விதியை மாற்றினார்கள். கடைசி வயலுக்கு முதலில் நீர் என்றான் ஒருவன். அப்போது தலைவயல்காரன் இரவில் களவாகத் திறப்பான் என்றான் இன்னொருவன். களவுக்கும் ஒரு விதி வைக்க வேண்டும் என்று பெருஞ் சச்சரவு எழுந்தது. முறை வைப்போம் என்றும், அளந்து கொடுப்போம் என்றும், அளப்பவனை யார் கண்காணிப்பதென்றும் வாதிட்டார்கள். தந்தைமார் சிறுபோகக் கூட்டத்தில் பேசுபவற்றைப் பிள்ளைகள் புளியங்கொட்டையை வைத்துப் பேசினார்கள். ஒவ்வொரு மாற்றமும் புதிய சிக்கலைக் கொணர்ந்தது. எனினும், சிக்கலைக் கண்டு பழைய விதிக்கே திரும்புவோம் என்று ஒருவரும் கூறவில்லை.

தமிழிலே விதி என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மனிதர் வகுத்த முறைமையும் விதி. தலையிலே எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் ஊழும் விதி. நம் மக்களை நெடுங்காலம் அடக்கியாண்டோர் செய்த தந்திரம், முதற்பொருளை இரண்டாம் பொருளுக்குள் ஒளித்துவைத்ததே. கடைசி வயல் கருகுவது விதி என்றனர். நிலமற்றவன் கூலியாவது விதி என்றனர். கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனிடமும் விதி என்றே கூறினர். பரமபதத் தாளிலே தாயம் உருட்டி, பாம்பு கடித்தால் இறங்கி, ஏணி வந்தால் ஏறிப் பழகிய மனம் அதனை நம்பிற்று. இன்றைய பெட்டி வியாபாரியும் அதே மனத்தைத்தான் வளர்க்கிறான்: உருட்டு, காத்திரு, வந்தால் உன் அதிர்ஷ்டம், வராவிட்டால் உன் விதி. ஆனால் ஒருமுறையேனும் தானே ஓர் ஆட்டத்தை ஆக்கி, அதன் விதியைத் தானே எழுதி, அது நீதியாக இல்லையெனக் கண்டு தானே அழித்தெழுதிய பிள்ளை, இரண்டு பொருளையும் இனி ஒன்றென்று மயங்காது. எமது வாதம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

தோல்வி பற்றியும் ஒரு சொல். நம் கல்வி முறையில் பிழை என்பது சிவப்பு மை. ஐந்தாந் தரத்துப் புலமைப்பரிசிலில் தொடங்கி, சாதாரண தரம், உயர்தரம் என்று ஒவ்வொரு படியிலும் பிழைவிட்டவன் பின்தள்ளப்படுகிறான். ஆகவே பிள்ளை பிழைக்கு அஞ்சி, கடந்தகால வினாத்தாளின் விடையை மனப்பாடம் செய்கிறது. தனியார் வகுப்புகள் அந்த அச்சத்தை விற்றுப் பிழைக்கின்றன. கவனாவின் ஆட்டமோ நூறு தரம் தவற அனுமதித்து, நூற்றோராந் தரம் சிந்திக்கச் சொல்கிறது. வகுப்பறை எதைச் செய்ய வேண்டுமோ அதை ஓர் ஆட்டம் செய்கிறதென்றால், வெட்கப்பட வேண்டியது ஆட்டமன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. தாவ முடியாதவன் முட்களினூடே சுற்றிச் செல்வதை வன்னிப் பிள்ளையின் வாழ்வுக்கு உவமையாக்கி, துன்பமே அழகு, தடையே வரம் என்று உருகுவோர் உண்டு. அவ்வுருக்கம் எமக்கு வேண்டாம். ஆட்டத்தில் அந்தச் சிறு கட்டையை வைத்தவர் அதன் மறுபுறம் செல்ல ஒரு வழியையும் வைத்தார். முள்ளில் பட்டவனை மறுகணமே எழுப்பியும் விட்டார். பேருந்தில்லாத பாதையையும், ஆசிரியரில்லாத பாடத்தையும், பூட்டிக் கிடக்கும் கணினி அறையையும் நம் பிள்ளையின் வழியில் வைத்தவர்கள் அவ்வாறு எதுவும் செய்யவில்லை. ஆட்டத்துத் தடையை எண்ணிக் கடக்க வேண்டும்; வாழ்க்கைத் தடையை அகற்றக் கோர வேண்டும். இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கும் விதியை எழுதிப் பழகிய மனமே துணை.

ஆகவே நாம் வேண்டுவது இவைதான். 2013 இல் உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவைத் தொடங்கிய நாடு இது. கிராமத்துப் பாடசாலைக்குக் கொடுத்த கணினிகள் பரிசோதனை அதிகாரி வரும் நாளில் மட்டும் உறை கழற்றப்படுபவையாக இருக்கலாகாது. பாடசாலை முடிந்த பின்னர் ஒரு மணி நேரமேனும் அந்த அறை மாணவர்க்குத் திறக்கப்பட வேண்டும். கவனா தம் ஆட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவில், 2020 ஆம் ஆண்டு தை மாதத்தில், அதன் உள்ளெழுத்து முழுவதையும் எவரும் படிக்குமாறு வெளியிட்டார். விதியை மறைத்துப் பெட்டி விற்கும் வியாபாரியையும், தன் ஆட்டத்தின் விதி எழுதப்பட்ட வரிகளையே திறந்து வைத்த ஆக்கியோனையும் அருகருகே நிறுத்தி மாணவர்க்குக் காட்டுங்கள். எது விளையாட்டு, எது சூது என்று பிறகு நாம் உபதேசிக்க வேண்டியிராது. மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று கூறுவோம்: நீங்கள் ஆடும் ஆட்டம் ஒவ்வொன்றிலும், இதன் விதி என்ன, இதை எழுதியவர் யார், இதனால் பயனடைபவர் யார் என்று கேளுங்கள். விடை கிடைக்காத ஆட்டத்திலிருந்து எழுந்து வாருங்கள்.

அலுமாரியில் பூட்டிய தொலைபேசியைத் தவணை முடிவில் தாயிடம் ஒப்படைத்தோம். அவள் மகன் இப்போது கொப்பியின் பின்பக்கத்தில் ஓர் ஆட்டம் வரைகிறான். குளத்துக் கட்டு உடையும் ஆட்டம் என்கிறான். விதி இன்னும் சரியாக அமையவில்லையாம். வகுப்பு நேரத்தில் வரைவதால் கண்டிக்க வேண்டும் என்று ஆசிரிய நண்பர் ஒருவர் எம்மிடம் முறையிட்டார். இன்னும் இரண்டு கிழமை பொறுங்கள் என்று கேட்டிருக்கிறோம்.